ஓய்வில் கெடும் என்ஜின்

கார்த்திகை மாதக் காலை. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் நிறைந்து ஓடியது. பத்தமடை வயல்களில் பிசானப் பருவ நெல் நடவு முடிந்து மருந்தடிப்பு தொடங்கியிருந்தது. நான் போன பட்டறையின் திண்ணையில் ஏழு பவர் ஸ்பிரேயர்களும் மூன்று புல்வெட்டும் மிஷின்களும் கிடந்தன. கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எதுவும் ஸ்டார்ட் ஆகவில்லை.

"கார் நெல் அறுப்புக்கு முன்னால மூலையில வச்சது சார். இப்பத்தான் எடுக்காங்க" என்றார் மெக்கானிக்.

ஒரு கார்புரேட்டரைப் பிரித்தார். டயாபிரம் விறைத்து நெளிந்திருந்தது. ஜெட்டில் பச்சை படிந்திருந்தது. பெட்ரோல் டியூப் ஊறி, விரலில் ஒட்டியது. "கோரை ஊறினாத்தான் பாய்க்கு ஆகும். ரப்பர் ஊறினா எதுக்கும் ஆகாது" என்றார். பாய்க்குப் பேர்போன ஊரில் வேறெப்படிச் சொல்வார்?

காரணத்தைக் கண்ணெதிரே காட்டினார். கண்ணாடி பாட்டிலில் 100 மில்லி பெட்ரோல், அதில் 20 மில்லி தண்ணீர். குலுக்கி வைத்தார். தெளிந்தபோது அடியில் நின்றது 20 மில்லி அல்ல, ஏறக்குறைய 40. பெட்ரோலில் இருந்த எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து இறங்கிவிட்டது.

பெட்ரோலில் எத்தனால் கலப்பதில் 2022 ஜூனில் நாடு 10 சதவீதத்தை எட்டியது. 20 சதவீத இலக்கு 2030-லிருந்து 2025-26-க்கு முன்னே நகர்ந்தது. கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் குருணைக்கும் விலை கிடைக்கிறது, கச்சா எண்ணெய் இறக்குமதித் தேவை ஓரளவு குறைகிறது. இவை நல்லவையே. ஆனால் தினமும் ஓடும் வண்டியில் பெட்ரோல் தேங்குவதில்லை. பருவத்துக்கு ஒருமுறை ஓடும் மிஷினில் மாதக்கணக்கில் தேங்குகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மூடி வழியே மழைத்தண்ணீரும் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். டேங்கின் அடியிலிருந்துதான் என்ஜின் உறிஞ்சுகிறது. டூ ஸ்ட்ரோக் என்ஜினில் ஆபத்து இன்னும் அதிகம்: கலந்த ஆயில் மேலேயுள்ள பெட்ரோலோடு நின்றுவிட, எண்ணெய்ப்பசை இல்லாமல் பிஸ்டன் தேய்ந்து கோடு விழும்.

பெரியவர் ஒருவர் ஸ்பிரேயரைத் தோளிலிருந்து இறக்கினார். டேங்க் கணக்கில் கூலி வாங்கி அடுத்தவர் வயலுக்கு மருந்தடிப்பவர். இரண்டு நாளாக வேலையில்லை. பயிரில் புழு அவருக்காகக் காத்திருக்காது. டியூபும் டயாபிரமும் மாற்றி, ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்ததும் என்ஜின் உறுமியது. அவர் முகம் தெளிந்தது.

மிஷினைத் தூக்கிக் கொடுத்தபடி மெக்கானிக் சொன்னார்: "பருவம் முடிஞ்சதும் டேங்க வடிச்சிருங்க அண்ணாச்சி. மிச்சம் தீந்து தானா அணையுற வரைக்கும் ஓட விடுங்க. அப்புறம் மூலையில வைங்க."

மிஷின் விற்கும் கடையில் சொல்ல வேண்டிய வார்த்தை இது. பெட்ரோல் பங்க்கில் பெரிதாக எழுதி வைக்க வேண்டியது. இரண்டு நாள் கூலியை இழந்த பிறகு, இந்தத் திண்ணையில்தான் அது பெரியவர் காதுக்கு வந்து சேர்ந்தது.