அரிக்கன் சட்டி எதற்கு என்று கேட்ட பெற்றோருக்கு

தரம் 6 பிள்ளைகளிடம் சுளகும் அரிக்கன் சட்டியும் கொண்டு வரச் சொன்னதற்குச் சிலர் வருத்தப்பட்டீர்களாம். "விஞ்ஞானமா, சமையலா படிப்பிக்கிறாங்க?" என்று கேட்டதாகவும் கேள்வி. என்னிடமே கேட்டிருக்கலாம். பரவாயில்லை, எல்லோருக்குமாக இங்கே சொல்கிறேன்.

பாடம், கலவைகளை வேறாக்கல். அரித்தல், தூற்றல், காந்தத்தால் பிரித்தல் என்று பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். நான் அரிசியையும் அதே பருமனான கல்லையும் கலந்து மேசையில் வைத்தேன். கெட்டிக்காரர்கள் எல்லோரும் அரிதட்டைத்தான் தூக்கினார்கள். அரிசி விழும் கண்ணால் கல்லும் விழுமே! சுளகில் புடைத்தால் உமி பறக்கும், கல் பறக்காது.

வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை எழும்பி வந்தாள். (வீட்டு விபரம் எழுதவில்லை.) சட்டியில் தண்ணீர் ஊற்றி, அரிசியைப் போட்டு, சுழற்றிச் சுழற்றிச் சரித்தாள். அரிசி தண்ணீரோடு மற்றச் சட்டிக்குப் போனது. பாரம் கூடிய கல், உள்ளே இருக்கும் வரிகளில் தடுக்கி அடியில் தங்கியது. "உம்மம்மா இப்படித்தான் செய்வாங்க டீச்சர்" என்றாள். அடர்த்தி வித்தியாசம் என்று நான் கரும்பலகையில் எழுதியது அதற்குப் பிறகுதான். அன்றிலிருந்து அவளுடைய மேசையைச் சுற்றித்தான் கூட்டம்.

பருமன் ஒன்றென்றால் பாரத்தைப் பார். பாரமும் கிட்டத்தட்ட ஒன்றென்றால்? புல்மோட்டைக் கறுப்பு மண்ணில் அந்தச் சிக்கல்தான். இல்மனைட், றூட்டைல், சேர்கோன் எல்லாம் பொடி மணிகள், எல்லாம் பாரமானவை. இல்மனைட்டை வலிமையான காந்தம் இழுக்கும். மற்ற இரண்டையும் இழுக்காது. றூட்டைல் சேர்கோனை விட நன்றாக மின்னைக் கடத்தும் என்பதால் அவற்றை உயர் மின்னழுத்தம் கொண்டு பிரிக்கிறார்கள். உம்மம்மா சட்டியைச் சரித்ததும் இதுவும் ஒரே கேள்விக்கான விடைகள்: இந்த இரண்டு பொருளும் எதில் வேறுபடுகின்றன?

அடுத்த கிழமை காந்தப் பரிசோதனை. கடையில் எதுவும் வாங்க வேண்டாம். பழுதான ரேடியோ ஸ்பீக்கர் வீட்டில் கிடந்தால் அதன் காந்தத்தைக் கழற்றிக் கொடுத்து விடுங்கள். ஒரு சொப்பிங் பேக்கும் வேண்டும். காந்தத்தை அதற்குள் வைத்து மண்ணில் பிடித்தால், பிறகு காந்தத்தை வெளியே இழுத்ததும் ஒட்டிய மண் தானாக விழும். இல்லாவிட்டால் சுரண்டியே ஒரு பாடவேளை முடிந்துவிடும்.