குருத்து எண்டா முளைக்க வேணும்

பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில நாங்கள் கசியிழையம் எண்டு படிச்சதைத் தமிழ்நாட்டில் குருத்தெலும்பு என்கிறார்கள். ஸ்டெம் செல்லுக்கும் குருத்தணு என்று ஒரு பெயர் இருக்கு. கலைப்பீடத்துக்காரியான எனக்கு முதலில் கண்ணில பட்டது இந்தக் 'குருத்து'தான். குருத்து எண்டா இனி வளரப்போறது. ஆனா மூட்டில தேய்ஞ்ச குருத்தெலும்பு திரும்ப வளர்றதில்லை. அதுக்குள்ள இரத்தக் குழாய் கிடையாது. காயத்தை ஆற்றுகிறவை லேசில அங்க போய்ச் சேராது. அழிந்த குருத்தெலும்பு மீளாது என்று வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் 1743 இலேயே எழுதிவிட்டார்.

இதையெல்லாம் நான் தேடி வாசிச்சது அம்மாவின்ர முழங்காலுக்காக. 20 வருசமாத் தையல் மெஷின் மிதிச்ச கால். என்னையும் தம்பியையும் படிப்பிச்சதும் அந்தக் கால்தான். கனடாவில இருக்கிற மாமா வாட்ஸப்பில ஒரு வீடியோ அனுப்பினார். ஏதோ ஒரு வெளிநாட்டு கிளினிக். ஸ்டெம் செல் ஊசி ஒண்டு போட்டால் முழங்கால் புதுசாகிடுமாம். அம்மா அதை மூன்று தரம் பார்த்தா. பிறகு மெதுவாக் கேட்டா: "அந்தக் காணித்துண்டைக் குடுத்தாக் காசு காணுமோ பிள்ளை?"

விஞ்ஞானம் சும்மா இருக்கேல்லை. நோயாளியின் முழங்காலிலிருந்தே குருத்தெலும்புக் கலங்களை எடுத்து, ஆய்வுகூடத்தில் பெருக்கி, திரும்ப வைத்த சிகிச்சையின் முடிவுகளை 1994 இல் சுவீடன் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். தென்கொரியா 2012 இல் தொப்புள்கொடி இரத்தக் கலங்களில் செய்த 'கார்டிஸ்டெம்' என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தது. ஆனா அது சத்திரசிகிச்சை செய்து உள்ளே வைக்கிறது. வீடியோவில வாற ஊசி வேற.

அந்த ஊசியைப் பற்றி இரண்டு விசயம். இந்தக் கலங்களுக்கு 1991 இல் 'மெசென்கைமல் ஸ்டெம் செல்' என்ற பெயரைக் கொடுத்த ஆர்னல்ட் கப்லானே, 2017 இல் அந்தப் பெயரை மாற்றவேணும் என்று எழுதினார். இவை உடலுக்குள் போய்ப் புது இழையமாக மாறுவதைவிட, சில பொருட்களைச் சுரந்து உடலுக்குச் சைகை கொடுக்கின்றன என்பது அவருடைய வாதம். மற்றது, 2023 இல் வெளியான அமெரிக்க ஆய்வு. முழங்கால் தேய்ந்த 400 க்கும் மேற்பட்டவர்களில், எலும்பு மச்சை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து எடுத்த கலங்களைச் சாதாரண ஸ்டீரொய்ட் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து நோவு எல்லாக் குழுவிலும் குறைந்திருந்தது. ஸ்டீரொய்டைவிட எதுவும் மேலாக இருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு வீடியோ விளங்கினது. அதில "சுகம்" எண்டு சொல்லுற ஆக்கள் பொய் சொல்லவேணும் எண்டில்லை. அவையளுக்கு நோவு குறைஞ்சிருக்கலாம். ஆனா மலிவான ஊசியிலும் அவ்வளவு குறைஞ்சிருக்குமோ எண்டு வீடியோ சொல்லாது.

அம்மாவுக்குத் தமிழில் ஒவ்வொண்டாச் சொன்னன். கடைசியாக் கேட்டா, "அப்ப முளைக்காதோ?"

"இப்போதைக்கு இல்லையம்மா."

அண்டைக்கு முழுக்க அவ என்னோட கதைக்கேல்லை. ஒருவரின்ர நம்பிக்கையை எடுத்துப்போட்டுக் கையில என்னத்தைக் குடுக்கிறது? எனக்கு இன்னும் தெரியேல்லை. மெஷினுக்கு மோட்டர் பூட்டினம். ஆஸ்பத்திரியில சொல்லித்தந்த தொடைத் தசைப் பயிற்சியைப் பின்னேரத்தில இரண்டுபேரும் சேர்ந்து செய்யிறம். நோவு இருக்குத்தான். காணியும் இருக்கு.

உங்கட வீட்டுக்கும் இப்படி ஒரு வீடியோ வந்தால் அம்மா அப்பாவைப் பார்த்துச் சிரிக்காதீங்கோ. எதோட ஒப்பிட்டுப் பார்த்தவை எண்டு மட்டும் அந்தக் கிளினிக்கிட்டக் கேளுங்கோ.