ஊராட்சி அலுவலகத்திலிருந்து வீடு வரை

கடல் கடந்த மடல் – லங்காஸ்டர், இங்கிலாந்து

அன்புள்ள அரூர் சொந்தங்களுக்கு,

நான் குடியிருக்கும் லங்காஸ்டருக்கு வடகிழக்கே லூன் ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆடு மேயும் பச்சை மேடுகள், சாந்து இல்லாமல் கல்லை அடுக்கி எழுப்பிய வேலிகள், தள்ளித் தள்ளி ஒவ்வொரு வீடு. ஆர்க்ஹோம், மெல்லிங், ரே என்று சின்னச் சின்ன ஊர்கள். பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கணக்குப் பார்த்துவிட்டு, இத்தனை குறைந்த வீடுகளுக்குக் கேபிள் போட்டால் கட்டுப்படியாகாது என்று ஒதுங்கிக்கொண்ட பகுதி இது. 2011-இல் ஊர்க்காரர்களே ஒரு சங்கம் சேர்த்தார்கள். பார்ன் என்று பெயர். நெட்வொர்க் நுட்பம் தெரிந்த பாரி ஃபோர்டும், ரே ஊரில் விவசாயக் குடும்பத்துப் பெண்ணான கிறிஸ் கான்டரும் முன்னால் நின்றார்கள். நிலத்துக்காரர்கள் தங்கள் வயலில் பள்ளம் வெட்டக் காசு கேட்கவில்லை. வெட்டியவர்களுக்கு மீட்டருக்கு ஒன்றரை பவுண்டு கூலி. அதைப் பணமாக வாங்காமல் சங்கத்தின் பங்காகவும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகம், மாதம் 30 பவுண்டு என்று தொடங்கினார்கள். லண்டனிலேயே அப்போது பல வீடுகளுக்குக் கிடைக்காத வேகம் அது. இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருக்கின்றன. கேபிள் அறுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று எந்த வீட்டுக்கும் தெரியும்.

இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதே 2011 அக்டோபரில்தான் டெல்லியில் மத்திய அமைச்சரவை தேசிய ஒளியிழை வலையமைப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. இந்தியாவின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கேபிள் கொண்டுபோவது திட்டம். இரண்டே ஆண்டுகளில் முடிப்போம் என்றார்கள். அந்த ஆண்டு நம் அரூரை அடுத்த சித்தேரி மலையில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை 2023-இல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கும். அதன் பள்ளிக்காலம் முழுவதும் கேபிள் வந்துகொண்டே இருந்தது.

2015-இல் திட்டத்துக்கு பாரத்நெட் என்று பெயர் மாறியது. 2017 இறுதியில் முதல் கட்டமாக ஒரு லட்சம் ஊராட்சிகளை முடித்தோம் என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டின் முறை இரண்டாம் கட்டத்தில்தான் வந்தது. மாநில அரசே செய்துகொள்ளலாம் என்ற ஏற்பாட்டில். அதற்காக 2018-இல் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம், நாம் சுருக்கிச் சொல்லும் டான்ஃபிநெட், உருவானது. 12,525 ஊராட்சிகள், ஏறத்தாழ 1,815 கோடி ரூபாய். 2019 டிசம்பரில் ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். விதிகள் சிலருக்குச் சாதகமாக வளைக்கப்பட்டுள்ளன என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் புகார் சொன்னது. தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலராக இருந்த சந்தோஷ் பாபு விருப்ப ஓய்வு கேட்டார். 2020 ஜூனில் மத்திய அரசு தலையிட்டு ஒப்பந்தப்புள்ளி ரத்தானது. அது கொரோனாக் காலம். பள்ளிகள் பூட்டிக் கிடக்க, பாடமெல்லாம் கைப்பேசிக்குள் போயிருந்த மாதங்கள். கேபிள் மிக அவசரமாகத் தேவைப்பட்ட நேரத்தில் நாம் மறுபடியும் முதல் படியில் போய் நின்றோம். 2022 ஜூனில்தான் முதலமைச்சர் ஸ்டாலின் குமரி மாவட்டம் முத்தலக்குறிச்சி ஊராட்சியில் பணியைத் தொடங்கிவைத்தார்.

பணம் இல்லாமல் நேர்ந்த தாமதம் அல்ல இது. 2002-லிருந்தே தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 விழுக்காட்டைக் கிராமச் சேவைக்கென்று ஒரு நிதிக்குக் கட்டி வருகின்றன. நாம் ரீசார்ஜ் செய்யும் பணமும் அந்த வருவாயில் சேர்கிறது. வாச்சாத்தியில் ரீசார்ஜ் செய்கிறவரும், கோட்டப்பட்டியில் ரீசார்ஜ் செய்கிறவரும் இந்தக் கேபிளுக்கு ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டார்கள். தருவது சலுகை என்று யார் பேசினாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, என்னைத் தூங்கவிடாத கணக்குக்கு வருகிறேன். 2025 ஜனவரியில் மத்திய அரசு சொன்னபடி நாடு முழுவதும் 2.14 லட்சம் ஊராட்சிகள் 'சேவைக்குத் தயார்'. அந்த வலையமைப்பிலிருந்து வீடுகளுக்குப் போன இழை இணைப்புகள் ஏறத்தாழ 12 லட்சம். வகுத்துப் பாருங்கள்: ஒரு ஊராட்சிக்கு ஆறு வீடுகூட இல்லை. ஏழு லட்சம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கேபிள் இழுத்து, மலையேறி ஆற்றைத் தாண்டி ஊராட்சிக் கட்டடம் வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டு, அங்கிருந்து தெருவுக்குள் இறங்க முடியாமல் நிற்கிறோம்.

ஏன் நிற்கிறது என்பது அரூரிலிருந்து சித்தேரிக்குப் பேருந்தில் போகிறவருக்குப் புரியும். தமிழ்நாட்டில் இந்தக் கேபிளில் 85 விழுக்காடு மின்கம்பங்கள் மேலேயும், 15 விழுக்காடு மண்ணுக்குள்ளேயும் போகும்படி திட்டமிட்டார்கள். மேலே போனால் செலவு குறைவு, வேகமாக முடியும். அந்த முடிவில் நியாயம் உண்டு. ஆனால் கம்பத்தில் போகும் கேபிளுக்குப் பகைவர்கள் அதிகம்: சித்திரைச் சுழற்காற்று, சாயும் மரம், உயரமாகக் கரும்பு ஏற்றிப் போகும் லாரி, கம்பம் மாற்ற வரும் மின்வாரிய வேலை. உள்ளே தாமிரம் இருக்கும் என்று வெட்டுகிறவர்களும் உண்டு. கண்ணாடி இழையில் எடைக்குப் போட ஒரு குன்றிமணி உலோகமும் கிடையாது. இதை ஊருக்கு ஊர் சொல்ல வேண்டியிருக்கிறது. மலைப்பாதை ஒன்றே ஒன்று இருக்கும் இடத்தில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு மேலுள்ள அத்தனை ஊரும் இருண்டுபோகும். 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம், 1,39,579 கோடி ரூபாய்க்கானது, கேபிளை வளையமாக அமைக்கச் சொல்கிறது. ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கத்திலிருந்து ஓடும். பன்னிரண்டு வருடப் பாடத்துக்குப் பிறகு வந்த நல்ல மாற்றம். தனித்து நிற்கும் மலையூர்களுக்குத்தான் அந்த வளையம் முதலில் வேண்டும். செலவு கூடும் என்று கடைசிக்குத் தள்ளப்படுவதும் அவைதான்.

கேபிள் வந்து சேரும் ஊராட்சிச் சேவை மையத்துக்குள் ஒரு ரேக், ஒரு யூபிஎஸ், ஒரு ரவுட்டர் இருக்கும். அந்த அறையின் மின்சாரம் போனால், பேட்டரி செத்தால், எலி கடித்தால் இணையமும் போயிற்று. அறையின் பாதுகாப்பு ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் ஒப்படைக்கப்பட்டது. நம் தர்மபுரி மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியே முடிந்துவிட்டது. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. பல ஊராட்சிகளை ஒன்றாகப் பார்க்கும் ஓர் அலுவலர், ஒவ்வொரு ஊரிலும் யூபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரிகிறதா என்று எப்படிப் போய்ப் பார்ப்பார்?

லூன் பள்ளத்தாக்கை அப்படியே அரூரில் கொண்டுவந்து நடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இங்குள்ள விவசாயியிடம் பள்ளம் தோண்டும் சொந்த இயந்திரம் இருக்கிறது, பங்கு வாங்கச் சேமிப்பு இருக்கிறது. திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கூலிக்குப் போய்த் திரும்பும் குடும்பத்திடம் போய், நீயே தோண்டிக்கொள் என்பது அநியாயம். பெரிய கேபிளை அரசுதான் போட வேண்டும். ஏழைக் குடும்பங்களுக்கு அரசே இலவச இணைப்பு தரலாம். கேரளம் 2023-இல் தன் கே-ஃபோன் இழை வலையமைப்பு வழியாக அதைத் தொடங்கிவிட்டது. ஆனால் சேவை மையத்திலிருந்து வீடு வரையிலான கடைசி அரைக் கிலோமீட்டரும், அதிலிருந்து வரும் வருமானமும், அதைப் பழுது பார்க்கும் பொறுப்பும் அந்த ஊரில் வாழ்கிறவர்களிடம் இருக்க வேண்டும். இதை நான் உறுதியாக நம்புகிறேன். சென்னையில் புகார் எண் பெற்றுக்கொண்டு காத்திருக்கும் ஏற்பாடு சிட்லிங்கிக்கு ஒருநாளும் உதவாது.

சிட்லிங்கியைச் சொன்னதும் அந்த மருத்துவமனை நினைவுக்கு வருகிறது. 1993-இல் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் ஒரு குடிசையில் அதைத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து செவிலியர் வந்து தங்குவார்கள் என்று காத்திருக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பிரசவம் பார்க்கவும் அறுவை அரங்கில் துணை நிற்கவும் ஆளாக்கினார்கள். ஆகவே அது முப்பது வருடங்களைத் தாண்டியும் நிற்கிறது. பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்ட ஊருக்கு இழை ஒட்டும் இயந்திரத்தைக் கையாளக் கற்றுக்கொள்வது பெரிய காரியமா? அறுந்த இரண்டு முனைகளைச் சுத்தம் செய்து, சீராக வெட்டி, மின்பொறியால் உருக்கி இணைக்கும் வேலை அது. நிதானமான கையும் சில வாரப் பயிற்சியும் போதும்.

ஆட்களுக்கும் நம் மாவட்டத்தில் குறைவில்லை. தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பிறந்ததே தர்மபுரியில்தான், 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. சந்தா வசூலிப்பதும் கணக்கு எழுதுவதும் கடனைத் திருப்பிக் கட்டுவதும் அந்தப் பெண்களுக்குப் பழகிய வேலை. இன்னொரு பக்கம் கேபிள்காரர்கள். 2011-இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தபோது அதை வீடு வீடாகக் கொண்டுபோனவர்கள் அவர்கள். எந்தத் தெருவில் எந்தக் கம்பம், எந்த வீட்டில் எந்த மாதம் பணம் இருக்காது என்பதுவரை தெரியும். தொலைக்காட்சிச் சந்தாதாரர்கள் குறைந்து அவர்கள் பிழைப்பு தேய்ந்துவரும் நேரம் இது. ஊராட்சிதோறும் குழுக் கூட்டமைப்பும் கேபிள்காரரும் சேர்ந்து வீடுகளுக்கு இணைப்பு தரும் உரிமம் எடுக்கட்டும். முன்பணத்தை அரசு வங்கிக் கடனாக ஏற்பாடு செய்யட்டும். முதல் ஆண்டுகளில் வைப்புத்தொகை கேட்டு விரட்ட வேண்டாம்.

எதற்கு இத்தனை பாடு, எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கைப்பேசிக் கோபுரத்துக்குப் பின்னாலும் ஓர் இழை வேண்டும். அது இல்லாத இடத்தில் கோபுரம் இருந்தும் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். நூறு நாள் வேலையில் செயலியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்தால்தான் வருகை என்று 2023 ஜனவரியில் கட்டாயமாக்கினார்கள். ரேஷன் கடையில் அரிசிக்கு விரல் ரேகை கேட்கிறார்கள். அரூர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் இன்று மஞ்சள் என்ன விலைக்குப் போனது என்று தெரியாமல் வீட்டு வாசலிலேயே விற்றுவிடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கூலியையும் அரிசியையும் இணையத்தோடு கட்டிப்போட்ட அரசு, அந்த இணையத்தை வீட்டுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

அடுத்த கிராம சபையில் இதை எழுப்புங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நம் ஊராட்சிக்குக் கேபிள் வந்த தேதி, கடந்த மாதம் அது எத்தனை நாள் ஓடியது, எத்தனை வீடுகளுக்கு இணைப்பு போயிருக்கிறது என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். சேவை மையச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். தீர்மான நகலை ஆட்சியர் அலுவலகத்துக்கும் டான்ஃபிநெட்டுக்கும் அனுப்புங்கள். எனக்கும் ஒரு நகல் வந்தால், எந்தெந்த ஊராட்சி கேட்டது, என்ன பதில் வந்தது என்பதை இதே பக்கத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
லங்காஸ்டரிலிருந்து உங்கள் ஊர்க்காரர்