நிறுத்து என்று சொல்ல ஒரு படம்



எங்கள் மகனுக்காக வாங்கிய விண்ணப்பத் தாள் ஒன்றில், ஆட்டிசம் என்பதற்கு நேரான தமிழாகப் ‘புற உலகச் சிந்தனையற்ற நிலை’ என்று அச்சிடப்பட்டிருந்தது. அச்சொல்லை எங்களால் ஏற்க இயலவில்லை. நெடுஞ்சாலையில் வரும் லாரியின் ஏர் ஹாரனை எங்களுக்கு முன்பே கேட்டுக் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை அவன். அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடப்போவதைச் சுவிட்ச் தட்டும் ஓசையிலேயே அறிந்துகொள்வான். புற உலகம் அவனுக்குக் குறைவாக அல்ல, அளவுக்கு மிஞ்சியே வந்து சேர்கிறது. 1943இல் லியோ கன்னர் என்னும் மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி இந்நிலையை விரிவாகப் பதிவு செய்தபோதே, உரத்த ஓசைகளுக்கு அவர்கள் அஞ்சுவதையும், அன்றாட ஒழுங்கு சிறிது மாறினாலும் கலங்குவதையும் குறித்திருந்தார்.

நாங்கள் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சுங்குவார்சத்திரம் வந்து வாடகை வீட்டில் வாழும் குடும்பம். நன்னாவும் நன்னியும் ஊரில் இருக்கிறார்கள். எங்களில் ஒருவர் ஆலையில் மூன்று ஷிப்டிலும் மாறி மாறி வேலை செய்பவர். மற்றவரும் ஆலைப் பணியில் இருந்தவர்தாம். மகனின் இரண்டே முக்கால் வயதில் ஆட்டிசம் என்பது உறுதியானபின் வேலையை விட்டுவிட்டார். இதனை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். இந்த ஆலைப் பட்டையில் இதே நிலையில் வேறு சில வீடுகளும் இருப்பதை அறிவோம்; அவர்களையும் அவர்களுடைய உறவினர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறோம்.

ஆரம்பத்தில் எங்களை அச்சுறுத்தியது 40 என்னும் எண். தனியார் மையம் ஒன்றில், வாரத்துக்கு 40 மணி நேர நடத்தைப் பயிற்சி இல்லையேல் பயனில்லை என்றார்கள். ஓர் அமர்வுக்கு அவர்கள் சொன்ன கட்டணத்தை நாற்பதால் பெருக்கிப் பார்க்கவும் துணிவில்லை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னர்த் தேடிப் படித்தோம். 1987இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஐவார் லோவாஸ் என்னும் உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு அது. வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 சிறுவர்களுள் 9 பேர் சாதாரண வகுப்பில் தேறினார்கள் என்று அவர் எழுதினார். உலகெங்கும் பெற்றோர் அந்த எண்ணைப் பற்றிக்கொண்டார்கள். ஆனால் அப்பிள்ளைகள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதும், அப்பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடிப்பதும் இடம்பெற்றிருந்தன என்பதும் மையங்களின் விளம்பரத் தாள்களில் வருவதில்லை. இவ்வகைத் தீவிரப் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2018ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, சில பிள்ளைகளுக்குப் பயன் உண்டு என்றும் சான்றின் வலிமை குறைவு என்றும் சொல்கிறது. அப்படிச் சிறு வயதில் பயிற்றப்பட்டு இன்று பெரியவர்களாகியுள்ள ஆட்டிசம் உடையோர் பலர், கையசைப்பை அடக்கவும் பிறர் கண்ணை வலிந்து பார்க்கவும் பழக்கப்படுத்தப்பட்டது தம்மைக் காயப்படுத்தியது என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய சொல்லை மையத்துக்காரர்களின் சொல்லைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டோம்.

எங்களுக்கு ஆறுதல் தந்தது வேறோர் ஆய்வு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து, 2016இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வெளிவந்தது. 2 முதல் 9 வயது வரையிலான 65 பிள்ளைகள் அதில் பங்கேற்றார்கள். சிறப்பு மருத்துவர் இன்றி, பயிற்சி பெற்ற களப்பணியாளரே வழிகாட்டினார். மொத்தம் 12 அமர்வுகள். பெற்றோர் பிள்ளையுடன் விளையாடுவதைப் படம் பிடித்து, இருவரும் அமர்ந்து அதைப் பார்ப்பார்கள். பிள்ளை எதைப் பார்க்கிறது, எப்போது முயல்கிறது, அந்நேரம் பெற்றோர் என்ன செய்கிறார் என்று கவனிப்பதே பாடம். முடிவில் பெற்றோர் பிள்ளையின் கவனத்தோடு இசைந்து பதிலளிப்பது கூடியிருந்தது. பிள்ளைகள் தாமாகத் தொடர்பு கொள்ள முன்வருவதும் கூடியிருந்தது. இது நோயைக் குணமாக்கும் கதை அன்று. எனினும் நம்மைப் போன்ற வீடுகளில், நம்மைப் போன்ற வருமானத்தில், இயலக்கூடியது இது.

முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கிவருகிறது. ஒரகடம், படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் என்று பேருந்து மாறி அங்குச் சென்று திரும்பினால் நாள் முடிந்துவிடும். வாரந்தோறும் சென்றுவர முடியாத தொலைவு. ஆகவே எங்கள் வழிகாட்டியிடம் மாதம் இருமுறை சென்று, கற்றதை வீட்டில் செய்வது என்று முடிவெடுத்தோம்.

அவர் முதலில் கேட்டது ஒரு நாற்பது பக்க நோட்டு. மூன்று பத்திகள்: முன், செயல், பின். மகன் மணிக்கட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டிருந்த காலம் அது. கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, கடித்தபின் என்ன கிடைத்தது என்று இரண்டு வாரம் எழுதினோம். குக்கர் விசில் அடிக்கிறது, கடிக்கிறான், நாங்கள் பதறித் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுகிறோம். பக்கம் பக்கமாக இதுவே இருந்தது. பேச்சு வராத பிள்ளைக்கு அந்தக் கடி ஒரு விண்ணப்பம். ‘இங்கிருந்து என்னை வெளியே கொண்டுபோங்கள்’ என்பதை அவன் வேறு எப்படிச் சொல்வான்? 1985இல் எட்வர்ட் கார், மார்க் டூரண்ட் என்னும் இருவர் இதைத்தான் நிறுவினார்கள்: தன்னை வருத்திக்கொள்ளும் பிள்ளைக்கு, அதே தேவையைக் கேட்க எளிதான வேறொரு வழியைக் கற்பித்தால், அச்செயல் தணிகிறது.

சிவப்பு உள்ளங்கை வரைந்த அட்டை ஒன்றைச் சமையலறை நிலையில் ஒட்டினோம். இரவு ஷிப்டு முடிந்து வந்தவர் தூங்கும் முன் அரை மணி நேரம் இதற்கு. ஒருவர் குக்கர் அருகில் நிற்க, மற்றவர் பின்னாலிருந்து அவன் கையைப் பிடித்து அட்டையைத் தொடச் செய்வார்; தொட்ட நொடியே மாடி. இதில் தாமதம் கூடாது. அட்டை, கடியைவிட விரைவாகப் பலன் தர வேண்டும். பதினொன்றாம் நாள் விசிலுக்கு முன்பே, ஆவி சீறத் தொடங்கியதும், அவனே ஓடிச்சென்று அட்டையில் அறைந்தான். அல்ஹம்துலில்லாஹ். அடுத்த வாரம் பல் துலக்கும்போதும் அந்த அட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்து நீட்டினான் என்பதையும் சொல்ல வேண்டும்! அதையும் மதியுங்கள், பிறகு ‘இன்னும் ஒருமுறை, அப்புறம் நிறுத்து’ என்று மெல்ல நீட்டுங்கள் என்றார் வழிகாட்டி. மறுக்கும் உரிமை இல்லாத பிள்ளைக்குப் பயிற்சி என்பது வெறும் பணிய வைத்தலாகிவிடும் என்பதை அன்று விளங்கிக்கொண்டோம்.

எதைக் கற்பிப்பது, எதை விட்டுவிடுவது என்பதும் அதிலிருந்தே தெளிவாயிற்று. மகிழ்ச்சியில் அவன் கைகளை உதறுவதில் யாருக்கும் தீங்கில்லை, விட்டுவிட்டோம். கதவு திறந்தால் நெடுஞ்சாலையை நோக்கி ஓடுவது உயிர்ப் பிரச்சினை. தாழ்ப்பாளை உயரத்தில் மாற்றினோம். ‘நில்’ என்னும் சொல்லுக்கு நிற்பதைப் பல மாதங்கள் விளையாட்டாகவே பழக்கினோம். இப்போது பெரும்பாலும் நிற்கிறான். ‘பெரும்பாலும்’ என்பது போதாது என்பதால் தாழ்ப்பாள் உயரத்திலேயே இருக்கிறது.

ஷிப்டு மாறும் வாரம்தான் கடினம். அத்தா எழும் நேரம், உண்ணும் நேரம் எல்லாம் புரண்டுவிடும். சூரியன், நிலா, கம்பெனி பஸ் எனப் படங்களை வெட்டிச் சுவரில் வரிசையாக ஒட்டுகிறோம். ரமலானில் ஸஹருக்கும் நோன்புக் கஞ்சிக்கும் புதுப் படங்கள்.

ஒளுச் செய்யக் கற்பித்ததும் இம்முறையில்தான், கடைசிப் படியிலிருந்து தொடங்கி. மற்ற உறுப்புகளை நாங்கள் கழுவிவிட்டு, கால்களை மட்டும் அவனிடம் விட்டோம். அது பழகியபின் அதற்கு முந்தைய படி. தண்ணீர் என்றால் அவனுக்கு உயிர். குழாயை மூடச் சம்மதிக்க மாட்டான். எனவே குழாய் வேண்டாம், சிறு குவளை என்று மாற்றினோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ இரு கை கொள்ளும் நீரிலேயே ஒளுச் செய்தார்கள் என்று ஹதீஸ்களில் அறிகிறோம். குவளை தீர்ந்தால் ஒளு முடிந்தது.

பள்ளிவாசலுக்கு முதலில் யாருமில்லாத நேரத்தில் ஐந்து நிமிடம் மட்டும் அழைத்துச் சென்றோம். பின்னர் அஸர் தொழுகைக்கு, வாசலையொட்டிய கடைசி ஸஃப்பில். ஒலிபெருக்கி காரணமாக ஜும்ஆ இன்னும் கைகூடவில்லை. சத்தமிடும் பிள்ளையை ஏன் அழைத்து வருகிறீர்கள் என்று பெரியவர் ஒருவர் கேட்டார். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி நபியவர்கள் (ஸல்) தொழுததையும், பிள்ளையின் அழுகுரல் கேட்டுத் தொழுகையைச் சுருக்கியதையும் அவரும் அறிந்தவர்தாம். நினைவூட்டியபோது மௌனமானார், மறுநாள் அவரே சற்று நகர்ந்து இடம் தந்தார்.

உறவினர்களில் சிலர் தாயத்துக் கட்டச் சொன்னார்கள். சிலர் தாயின் செல்போனைக் குற்றம் சொன்னார்கள். படித்த உலகமும் ஒரு காலத்தில் இதே தவற்றைச் செய்தது: 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல், பெற்றோரின் அன்பின்மையே காரணம் என்று உலகை நம்பவைத்தது. ஆய்வுகள் அதை மறுத்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. நாங்கள் துஆவை விடவில்லை, நோட்டையும் விடவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, மாவட்ட அளவிலுள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெற்றபின், தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை ஈடு உண்டு. பயிற்சிக் கட்டணமும் அதில் அடங்கும்.

வரும் ஜூனில் அவனுக்கு ஆறு வயது நிறைந்திருக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியில் இலவசமாகப் படிக்கும் உரிமையை அவனுக்குத் தருகிறது. விண்ணப்பம் எழுதிவிட்டோம். அதனுடன் சிவப்பு உள்ளங்கை அட்டையின் நகல் ஒன்றையும் இணைத்து, இதை அவன் நீட்டினால் உடனே வகுப்பறைக்கு வெளியே ஐந்து நிமிடம் விடுங்கள் என்று அடியில் எழுதியிருக்கிறோம்.