தங்கையின் விரல்கள்

நோயின் பெயர் தெரியுமுன்பே அதன் அடையாளங்கள் வீட்டுக்குத் தெரிந்துவிடுகின்றன. எங்கள் வீட்டில் அவற்றை முதலில் கண்டவள், கையெழுத்துப் போடவும் அறியாத என் அம்மா.

தங்கை குறையின்றித்தான் பிறந்தாள். மூன்று வயதில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, இடக்கை விரலெலும்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு முடிச்சு அம்மாவின் கைக்குத் தட்டுப்பட்டது. வலியில்லை, அசையவும் இல்லை. ஓராண்டு கழித்துப் புறங்கையில் நாவற்பழ நிறத்தில் மெத்தென்ற புடைப்பு ஒன்று எழுந்தது. அழுத்தினால் அமுங்கும், விட்டால் மெல்ல நிறையும். பிறகு இடக்கை வலக்கையைவிடச் சற்றுக் குட்டையானது. ஆறு வயதில், திண்ணையிலிருந்து இலேசாக விழுந்ததற்கே விரல் முறிந்தது.

ஊர் சும்மா இருக்குமா? "கிரகணத்தன்று அரிவாள்மணையில் உட்கார்ந்திருப்பாய்" என்றார்கள். அம்மா மறுத்துப் பேசவில்லை, அழுதாள்.

முறிவுக்காக எடுத்த எக்ஸ்ரேயில் எலும்புக்குள் குருத்தெலும்புக் கட்டிகள் தெரிந்தன. நீலப் புடைப்புக்குள் இரத்தம் உறைந்து சுண்ணமேறிய சிறு மணிகள் தெரிந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர், மஃபூச்சி நோய் என்றார். 1881-இல் இத்தாலிய நோயியல் அறிஞர் ஆஞ்செலோ மஃபூச்சி விவரித்த, மிக அரிய நோய் அது. எலும்புக் கட்டிகள் மட்டும் இருந்தால் அது ஒல்லியே நோய். இரத்தக்குழாய்ப் புடைப்பும் சேர்ந்தால் மஃபூச்சி.

விலங்கியல் மாணவனான பின் தேடிப் படித்தேன். பெரும்பாலான நோயாளிகளின் கட்டிகளில் ஐ.டி.எச்.1 அல்லது ஐ.டி.எச்.2 என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பதை 2011-இல் கண்டறிந்தார்கள். அது பெற்றோரிடமிருந்து வருவதன்று. கரு உருவான பின், வளரும் உயிரணு ஒன்றில் தானாக நேர்வது. அன்றிரவே அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப, என்னால இல்லையாடா?"

"இல்லம்மா."

நான் கற்ற கல்விக்கு அதைவிடப் பெரிய பயன் இதுவரை கண்டதில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் ஆகப்போகிறவர்கள். ஒரு பிள்ளையின் விரலில் கல்போன்ற முடிச்சும் தோலில் நீலப் புடைப்பும் சேர்ந்து தெரிந்தால், எண்ணெய் நீவிக் காத்திராமல் எலும்பு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நோயை வேரோடு களையும் மருந்து இல்லை. ஆயினும் சில கட்டிகள் பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடுமாதலால் காலமெல்லாம் கண்காணிப்பு வேண்டும். அடங்கியிருந்த முடிச்சு வலித்தாலும் வேகமாகப் பெருத்தாலும் உடனே காட்ட வேண்டும்.

தங்கை இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போய் வருகிறாள். துணைக்குப் போகும் அம்மா, அங்கே கண் கலங்கி அமர்ந்திருக்கும் தாய்மாரிடம், "இது பெத்தவ குத்தமில்ல தாயி" என்று தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறாள்.