தையல் மெஷின் இருந்த இடத்தில் என் ஆபீஸ்!

இந்த வேலையில் சேருவதற்கு முன், 2024-25 நிதியாண்டு முழுக்க வீட்டிலிருந்தபடியே கான்ட்ராக்ட்டில் வீடியோ ஸ்கிரிப்ட் எழுதினேன். ஆண்டுக்கு 7,20,000 ரூபாய். அதில் 10 சதவிகிதம், அதாவது 72,000 ரூபாய், டி.டி.எஸ் பிடித்துவிட்டார்கள். அதைத் திரும்ப வாங்கத்தான் ஆடிட்டரிடம் போனேன்.

அந்த ஆண்டு புதிய வரி முறையில் 7 லட்சம் வரை வருமானம் இருந்தால் வரி இல்லை. எனக்கு 20,000 ரூபாய் தாண்டியிருந்தது. செலவைக் கழிக்காவிட்டால், செஸ்ஸும் சேர்த்து 20,800 ரூபாய் வரி.

"முழு வாடகையையும் ஆபீஸ் கணக்குல போட்டுடு. யார் வந்து பார்க்கப் போறா?" என்றான் நண்பன்.

ஆடிட்டர் சார் சிரித்தார். "வீட்டுல எவ்வளவு இடத்துல வேலை பார்க்குறீங்களோ, அதுக்கான வாடகையை மட்டும்தான் கழிக்கலாம்மா. அளந்துட்டு வாங்க."

அளந்தேன். 400 சதுர அடி வீட்டில் என் அறை 100. வாடகை 10,000. கால் பங்கு என்றால் ஆண்டுக்கு 30,000. "அந்த ரூம் வேலைக்கு மட்டும்தானா?" என்று கேட்டார். ராத்திரியில் பாட்டி அங்கேதான் படுப்பார் என்றேன். "அப்ப பாதி போடுவோம்." 15,000 ஆனது. வேலைக்கென்றே ஜூன் மாதம் வாங்கிய 50,000 ரூபாய் லேப்டாப்புக்குத் தேய்மானம் 40 சதவிகிதம், 20,000. இன்டர்நெட் பில்லில் பாதி, 4,800. கழித்தால் 6,80,200. வரி பூஜ்யம்! பொய்க்கணக்கு தேவையே படவில்லை.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். அம்மா கேட்டார், "ஜன்னல் ஓரத்துல என் மெஷின் இருந்துச்சே, அதுக்கும் இப்படிக் கணக்கு இருக்கா?"

என் மேஜைக்காகத்தான் அந்த மெஷின் இருட்டு வராண்டாவுக்குப் போயிருந்தது. 15 வருடங்கள் அங்கே உட்கார்ந்து தைத்துத்தான் என் பள்ளிக் கட்டணத்தைக் கட்டினார். அதை 'வீட்டு அலுவலகம்' என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை.

அம்மாவின் வருமானம் வரி வரம்புக்குள் வராது. ஆனாலும் அன்றிரவு ஒரு நோட்டை எடுத்து, நூல், கொக்கி, ஊசி, கரன்ட், ஓவர்லாக் கூலி எல்லாவற்றையும் எழுதினோம். ஒரு ரவிக்கைக்கு 150 ரூபாய் வாங்கியவருக்கு, செலவு போக நின்றது அவர் நினைத்ததைவிட மிகக் குறைவு. மறுநாள் முதல் 180 ரூபாய். ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் முணுமுணுத்தார்.

இப்போது எனக்கு மாதச் சம்பளம். வீட்டிலிருந்து வேலை பார்த்தாலும் சம்பளக்காரர்களுக்கு அறை வாடகையைத் தனியாகக் கழிக்க முடியாது; புதிய முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு மட்டும்தான். நீங்கள் ஃப்ரீலான்ஸராக இருந்தால் வாடகை ரசீது, பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

ரீஃபண்ட் வந்த வாரம் என் மேஜையைச் சுவர் பக்கம் நகர்த்தினேன். ஜன்னல் ஓரம் மறுபடி மெஷினுக்கு. நான் வீடியோ மீட்டிங்கில் பேசும்போது பின்னால் கடகடவென்று சத்தம் கேட்கும். 'அது என்ன சத்தம்?' என்று யாராவது கேட்டால், "பக்கத்து ஆபீஸ்" என்கிறேன்.