சிவப்புக் குல்லாய்

ஒருவனை ஏமாற்றுவதைக் ‘குல்லாய் போடுதல்’ என்று நம்மவர் சொல்வதுண்டு. அந்தச் சொல் அப்படியே மெய்யாகிப்போன நிகழ்ச்சி ஒன்றை இங்கே எழுதத் துணிகிறேன். இதில் குற்றவாளிகள் இருவர். ஒருவன் என் மகன், மற்றவன் நான்.

2011-ஆம் ஆண்டின் திருவருகைக் காலம். என் மகன் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். குடும்பச் செபமும் இரவு உணவும் முடிந்ததும் கணிப்பொறியின் முன் அமர்ந்துவிடுவான். அவன் ஆடியது ‘ரூன்ஸ்கேப்’ என்னும் ஆட்டம். ஆண்ட்ரு கவர் என்ற இளைஞரும் அவருடைய சகோதரர் பாலும் இங்கிலாந்தில் உருவாக்கி, 2001 ஜனவரியில் வெளியிட்டது. பல நாட்டவரும் இணையத்தின் வழியே ஒரே நேரத்தில் ஒரு கற்பனை நாட்டில் உலவுகிறார்கள். மரம் வெட்டுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், இரும்பை உருக்குகிறார்கள், அரக்கரோடு போரிடுகிறார்கள். கிடைத்த பொருளை வாரோக் என்னும் நகரத்துச் சந்தையில் விற்றுப் பொன் சேர்க்கிறார்கள்.

“பேரப்பிள்ளை இந்நேரத்தில் என்ன செய்கிறான்?” என்று என் தாயார் ஒருநாள் கேட்டார். “பேய்களை வெட்டிக்கொண்டிருக்கிறான், அம்மா” என்றேன். “நல்ல காரியம்தானே!” என்று சொல்லிவிட்டுச் செபமாலையைத் தொடர்ந்தார்.

அவன் வெட்டியது பாதாளப் பேய் ஒன்றை. அதனிடமிருந்து ஒரு சாட்டை கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் கிடைக்காது; 512-க்கு ஒரு முறை என்பது கணக்கு. நம் செபமாலையில் பத்து மணிகள் ஐந்து உண்டு. முழுச் செபமாலையைப் பத்து முறை சொன்னாலும் அந்தப் பத்து மணிகள் 500-தான் ஆகும். அதற்கும் மேலே ஒரு பத்தும் இரண்டும் வேண்டும். அதோடு முடிந்துவிடுவதுமில்லை. 512 பேய்களை வெட்டியபின்னும் நூற்றுக்கு ஏறக்குறைய 37 பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். “இத்தனை வெட்டியாயிற்றே, அடுத்ததில் கட்டாயம் கிடைக்கும்” என்று மனம் சொல்லும். கணக்கு அப்படிச் சொல்வதில்லை. முன்னே வெட்டிய பேய்கள் பின்னே வரும் பேய்க்கு எந்தச் செய்தியும் சொல்லி அனுப்புவதில்லை. என் மகனும் தொள்ளாயிரத்தைக் கடந்திருந்தான், சாட்டை கிடைத்தபாடில்லை.

அந்த நாட்டிலே இன்னொரு வகை அரும்பொருளும் உண்டு. 2001-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது ஆட்டத்தை நடத்துவோர் பட்டாசுப் பொட்டலங்களைத் தரையெங்கும் விழச் செய்தார்கள். இருவர் சேர்ந்து இழுத்தால் அது வெடிக்கும். இருவரில் ஒருவருக்கு உள்ளேயிருந்து ஒரு காகிதத் தொப்பி கிடைக்கும். மறு ஆண்டு கிறிஸ்து பிறப்புக்குச் சிவப்புக் குல்லாய், நம் பிள்ளைகள் ‘கிறிஸ்துமஸ் தாத்தா’ தலையில் காண்பதே, அதேபோல் வழங்கப்பட்டது. யாரும் விலை கொடுக்கவில்லை. குனிந்து எடுத்தவர்க்கெல்லாம் கிடைத்தது. போரில் அதனால் எந்தப் பயனுமில்லை. ஆகவே ஒருநாள் அணிந்துவிட்டு எறிந்தவர் பலர். ஆனால் அவை மறுபடி வழங்கப்படவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல எஞ்சியவை அருகின, விலை ஏறியது. ஒரு குவியலில் 214,74,83,647 பொன்னுக்கு மேல் வைக்க அந்த ஆட்டம் அப்போது இடம் தரவில்லை. காகிதத் தொப்பியின் விலை காலப்போக்கில் அந்த எல்லையையும் மீறியது. கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சிக்காக எல்லாருக்கும் இலவசமாய்க் கொடுக்கப்பட்டது, செல்வர் சிலரே அணியத்தக்க பொருளாகிவிட்டது.

அந்த டிசம்பரில் ஓர் இரவு, பல ஆண்டுகளுக்குப் பின் ஆட்டத்திற்குத் திரும்பிய ஒருவர் என் மகனோடு பேச்சுக் கொடுத்தார். எந்த நாட்டவரோ அறியோம். தம் பெட்டகத்தில் கிடந்த சிவப்புக் குல்லாயைக் காட்டி, “இதற்கு ஏதேனும் மதிப்பு உண்டா?” என்று கேட்டார். என் மகன் சொன்ன மறுமொழி: “விழாவுக்காக எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்த குல்லாய்தானே! போருக்கும் உதவாது. நான் வேண்டுமானால் இரண்டு இலட்சம் பொன் தருகிறேன்.” இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் மொத்தமும் பொய். அவர் நன்றி சொல்லி அதைக் கொடுத்துவிட்டார். மறுநாளே அது கோடிக்கணக்கான பொன்னுக்கு விலைபோயிற்று.

இவையெல்லாம் எனக்குப் பின்னரே தெரிந்தவை. நான் கண்டது வேறு. பங்கில் ஒப்புரவு வழிபாடு நடந்த மாலை, பாவசங்கீர்த்தனத்திற்கு வரிசையில் நின்றவன் பாதியிலே விலகி வீட்டுக்கு வந்துவிட்டான். அன்றிரவு கணிப்பொறியைத் தொடவுமில்லை.

“அப்பா, இல்லாத பொருளைத் திருடினால் பாவமா?” என்று கேட்டான்.

“இல்லாத பொருளை எப்படியடா திருடுவது?” என்று சிரித்தேன்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். எனக்கு இன்னும் சிரிப்புத்தான் வந்தது. “வெறும் படம்! மின்சாரம் நின்றால் மறைந்துபோவது. இதற்காகவா பாவசங்கீர்த்தனத்தை விட்டுவிட்டு வந்தாய்?” என்றேன்.

“குல்லாய் படம்தான், அப்பா. ஆனால் அவர் என்னை நம்பியது படமல்லவே. சந்தைக்குப் போயிருந்தால் விலையைத் தாமே பார்த்திருப்பார். என்னை நம்பியதால்தான் பார்க்கவில்லை.”

சற்றுப் பொறுத்து, என்னைக் குற்றம் சாட்டும் குரலில் அல்ல, உள்ளதைச் சொல்லும் குரலில் சொன்னான்: “நீங்கள் அலமாரி வாங்கிய கதை நினைவுக்கு வந்தது. அதைப் போலத்தான் பேசிப் பார்த்தேன்.”

எனக்கு நா எழவில்லை.

அந்தக் கதை இதுதான். 1994-இல் எங்கள் தெருவில் ஒரு விதவைத் தாய் மகளின் பேறுகாலச் செலவுக்காகத் தம் வீட்டு அலமாரியை விற்க முன்வந்தார். அது பர்மா தேக்கு. என் தந்தையார் தச்சர். ஆகவே எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. “பழைய மரம், அம்மா. விறகுக் கடைக்காரன் எடைக்குத்தான் கேட்பான். போனால் போகிறது, 600 ரூபாய் தருகிறேன்” என்றேன். பழைய மரம் என்பது மெய்தானே! அடுத்த ஆண்டே ஒரு வணிகர் அதற்குப் பதினாயிரம் தருவதாகக் கேட்டார். நான் விற்கவில்லை. ஆனால் விருந்தினர் வரும்போதெல்லாம் அந்தக் கதையை என் சாமர்த்தியத்திற்குச் சான்றாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் மேசையின் ஓரத்தில் ஒரு சிறுவன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஞாயிறு தவறாமல் மறைக்கல்வி வகுப்புக்கு அவனை அனுப்பினேன். ஆனால் ஏழாம் கட்டளையின் விளக்கத்தை அவன் படித்தது என் வீட்டு மேசையில்.

மறுநாள் காலை மகன் பங்குத்தந்தையிடம் சென்று வந்தான். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. திரும்பி வந்தவன் கணிப்பொறியின் முன் அமர்ந்தான். முதன்முறையாக நானும் ஒரு நாற்காலியை இழுத்து அருகில் உட்கார்ந்தேன். அறிமுகமானவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக நிற்கும். ஆள் இல்லாவிட்டால் பெயர் சிவப்பாக இருக்கும். அந்தப் பெயர் எட்டு இரவுகள் சிவப்பாகவே இருந்தது.

காத்திருந்த அந்த இரவுகளில் மகன் எனக்கு ஒரு செய்தி சொன்னான். ஆட்டத்துப் பொன்னை மெய்ப்பணத்திற்கு விற்கும் முறைகேட்டைத் தடுப்பதற்காக, 2008 தொடக்கத்திலிருந்து, மதிப்பில் மிகவும் ஏற்றத்தாழ்வான கைமாற்றத்தை அந்நிறுவனம் தடை செய்திருந்ததாம். ஏமாற்றுவது அரிதாயிற்று, ஆனால் ஒரு நண்பனுக்கு நல்ல பரிசு ஒன்றைக் கொடுப்பதும் முடியாமற்போயிற்று. ஆடுவோரிடம் வாக்குக் கேட்டு, 2011 பிப்ரவரியில் அத்தடையை நீக்கினார்கள். இறைவன் மனிதனுக்கு ஏன் சுதந்திரம் அளித்தார் என்று மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்றிரவுதான் அது எனக்கு விளங்கியது. களவின் கதவை முற்றிலும் அடைத்தால் கொடையின் கதவும் அடைபட்டுவிடுகிறது. தடை நீடித்திருந்தால் என் மகன் அந்தக் குல்லாயைப் பறித்திருக்க முடியாது. பறித்ததைத் திருப்பிக் கொடுக்கவும் முடிந்திராது.

ஒன்பதாம் இரவு அந்தப் பெயர் நிறம் மாறியது. மகன் உண்மையை எழுதி, மன்னிப்புக் கேட்டு, கைமாற்றப் பலகையைத் திறந்தான். அந்த ஆட்டத்தில் எதையும் கைமாற்றுமுன் இரு தரத்தாரும் இரண்டு முறை சம்மதம் சொல்லவேண்டும். இரண்டாம் பலகையில் ஒரு பக்கம் கோடிக்கணக்கான பொன் இருந்தது. மறுபக்கம் ‘ஒன்றுமே இல்லை’ என்று காட்டியது. சம்மதம் என்று அழுத்தினான். எதிர்த்தரத்திலிருந்து “நன்றி” என்ற ஒரு சொல் வந்தது. அவ்வளவுதான். அவர் போய்விட்டார்.

“ஒரு வார்த்தை கூடப் பேசியிருக்கலாம்” என்றான் மகன், முகம் வாடி.

“அவருடையதை அவரிடம் கொடுத்திருக்கிறாய். பாராட்டு வாங்க அது உன் தருமமல்லவே” என்றேன். சொல்லும்போதே அந்த வார்த்தைகள் என்னை நோக்கித் திரும்பின.

சக்கேயு மரத்திலிருந்து இறங்கி வந்தபின் கணக்குப் பார்த்தார். நானும் பார்த்தேன். கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த வாரம், என்னால் இயன்ற தொகையை எடுத்துக்கொண்டு அந்தத் தாயின் வீடு தேடிச் சென்றேன். அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று பேறுகாலத்தில் இருந்த மகள்தான் கதவைத் திறந்தாள். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி, உறையை நீட்டினேன்.

அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “அம்மா உங்களைப் பற்றிச் சொல்வார்கள், ஐயா. பழைய மரத்துக்கு யார் பணம் தருவார்கள், அந்த நேரத்தில் இரக்கப்பட்டுக் கொடுத்தாரே என்று. இறக்கும்வரை தினமும் உங்கள் பெயரைச் சொல்லிச் செபித்தார்கள்.”

அந்தச் செபங்களுக்கு நான் என்ன விலை கொடுப்பேன்?

பெற்றோரே, பிள்ளைகள் இரவில் எந்தக் கற்பனை நாட்டில் உலவுகிறார்களோ என்று நாம் கவலைப்படுகிறோம். கவலைப்படவும் வேண்டும். ஆனால் அந்த நாட்டுக்குள் நுழையும்போது அவர்கள் கையில் எடுத்துச் செல்லும் பொருள் நம் வீட்டிலிருந்து போவது. அது இன்னதென்று அறிய, ஒருநாள் அவர்கள் அருகில் நாற்காலி போட்டு அமர்ந்து பாருங்கள். அலமாரி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அந்த மகள் அதைத் திரும்பப் பெற மறுத்துவிட்டாள். அதைப் பற்றிய கதையை இப்போதும் விருந்தினருக்குச் சொல்கிறேன். முன்போல் யாரும் சிரிப்பதில்லை.